முதல் மூன்று மாதத்தில் யாருக்காக வாசிக்கிறோம்?

ஒரு வீட்டில் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், சோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்துவிட்டால், இனிப்புக்கு அடுத்தபடி வீட்டுக்குள் வருவது புத்தகம்தான். மாமியார் சுந்தர காண்டத்தைத் தூசி தட்டி எடுத்து வைப்பார். திருக்கருகாவூர் போய்வந்த அம்மா கர்ப்பரட்சாம்பிகை சுலோகம் அச்சிட்ட சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். வாரத்துக்கு ஒரு செய்தி அனுப்பும் செயலியைத் தோழி போனில் ஏற்றித் தருவாள். கணவன் தடிமனான ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி வருவான். பெரியவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றையேதான்: “நல்லதையே படிம்மா, குழந்தை கேட்டுக்கிட்டே இருக்கும்.”

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறதா? இன்று இதற்குத் தெளிவான விடை உண்டு. அது தெரிந்துவிட்டால், எதை எப்போது வாசிப்பது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மருத்துவர்கள் கர்ப்பத்தை எண்ணத் தொடங்குவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கரு உருவாவதோ அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே சீட்டில் ‘நான்கு வாரம்’ என்று எழுதப்படும் நாளில் கருவின் உண்மையான வயது இரண்டு வாரம்தான். அப்போது அது இரண்டே அடுக்கு செல்களாலான ஒரு வட்டத் தகடு. குறுக்களவு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இதயம், மூளை, காது எதுவும் இன்னும் தொடங்கவில்லை.

அடுத்த வாரத்தில், மூளை உருவாகப்போகும் பகுதியின் இரு பக்கமும் மேல்தோல் லேசாகத் தடிக்கிறது. அந்தத் தடிப்பு உள்வாங்கிக் குழியாகிறது. பிறகு தோலிலிருந்து கழன்று நுண்ணிய பையாக உள்ளே தங்கிவிடுகிறது. அந்தப் பைதான் பிற்பாடு உட்காது. அதிலிருந்து ஒரு குழல் நீண்டு, சுருண்டு, இரண்டரைச் சுற்று சுற்றி காக்ளியாவாக வடிவெடுக்கவே மூன்றாம் மாதம் ஆகிவிடும். வடிவம் வந்துவிட்டதால் காது கேட்டுவிடாது. ஒலியதிர்வை மின்குறியாக மாற்றும் மயிர்ச்செல்கள் முதிர வேண்டும். அந்தக் குறியை மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகும் நரம்பு இணைய வேண்டும். 24, 25 வாரம் வாக்கில்தான் பெரும்பாலான சிசுக்கள் வெளியொலிக்கு அசைந்து பதில் சொல்லத் தொடங்குகின்றன. 28 வாரத்தில் அந்தப் பதில் நிலைபெறுகிறது. நம் கணக்கில் அது ஏழாம் மாதம்.

ஆக, முதல் மூன்று மாதத்தில் நீங்கள் எதை வாசித்தாலும் அதைக் கேட்க உள்ளே காது இல்லை.

இதைச் சொன்னதும், தாய் வயிற்றிலேயே பாடம் கேட்ட அபிமன்யுவும் பிரகலாதனும் என்ன ஆவது என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கதைகள் மிகவும் பிடிக்கும். அவற்றைப் பொய் என்று தள்ளிவிட நான் இதை எழுதவில்லை. அபிமன்யுவின் கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சக்கர வியூகத்துக்குள் நுழையும் வழியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுபத்திரை கண்ணயர்ந்துவிடுகிறாள். வெளியேறும் வழி அவனுக்குக் கிடைக்காமல் போகிறது. தாய் கேட்டவரைதான் மகனுக்கும் கிடைத்தது. கதையே தாயைத்தான் நடுவில் நிறுத்துகிறது. அறிவியலும் இந்த மாதங்களுக்கு அதையேதான் சொல்கிறது: இப்போது வாசிப்பவரும் தாய், கேட்பவரும் தாய். எனவே இந்த மூன்று மாத வாசிப்பைத் தாயின் தேவையை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தாய்க்கு முதலில் என்ன தெரிய வேண்டும்? இந்த வரிசையை அச்சகமோ ஆசிரியரோ முடிவு செய்வதில்லை. கரு வளரும் வேகம் முடிவு செய்கிறது.

கருவுக்கு மூன்று வாரம் ஆகும்போது அதன் முதுகுப் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு தகடு தடித்து நிற்கும். அதன் இரு ஓரங்களும் மேலெழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று வளைந்து, நடுவில் சேர்ந்து குழாயாகின்றன. முதல் ஒட்டு விழுவது கழுத்துப் பகுதியில். அங்கிருந்து மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போகிறது. தலைப்பக்கத்து வாய் 25-ஆம் நாள் வாக்கில் மூடுகிறது. கீழ்ப்பக்கத்து வாய் 28-ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. இதற்கு நரம்புக்குழாய் என்று பெயர். மூளையும் தண்டுவடமும் இதிலிருந்துதான் வருகின்றன. மேல்வாய் மூடாமல் போனால் குழந்தைக்கு மூளையும் மண்டையோடும் முழுதாக உருவாவதில்லை; அப்படிப் பிறக்கும் குழந்தை பிழைப்பதில்லை. கீழ்வாய் மூடாவிட்டால் முதுகெலும்பு பிளந்து தண்டுவடம் வெளித்தெரியப் பிறக்கும். பல குழந்தைகளுக்குக் கால்கள் செயலிழந்துபோகும்.

கருவின் 28-ஆம் நாள் என்றால் மருத்துவரின் கணக்கில் ஆறு வாரம். அதாவது நாள் தள்ளிப்போய் வெறும் இரண்டு வாரம். “இன்னும் ரெண்டு வாரம் பார்த்துட்டு ஆஸ்பத்திரி போகலாம்” என்று வீட்டில் பேசிக்கொள்ளும் அந்த நாட்களுக்குள் மூளைக்கான குழாய் மூடிமுடிந்துவிடுகிறது. யாரும் இன்னும் புத்தகத்தைத் திறந்திருக்கவே மாட்டார்கள்.

இந்த மூடும் வேலைக்குப் பெரிதும் தேவைப்படுவது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். அதைக் கண்டடைந்த கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு என்பதால் சற்று நின்று சொல்கிறேன். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் கடுமையான ஒருவகை ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று தேடிப் பார்த்த வில்ஸ், ஏழைப் பெண்களுக்கே இது அதிகம் வருவதைக் கவனித்துச் சாப்பாட்டில்தான் ஏதோ குறைகிறது என்று ஊகித்தார். 1929-ல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1931-ன் தொடக்கத்தில் சென்னையில், இன்றும் மக்கள் வாயில் கோஷா ஆஸ்பத்திரி என்றே வழங்கும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் பணியாற்றினார். ரொட்டியில் தடவித் தின்னும், ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான பண்டம் அந்தப் பெண்களை வியக்கத்தக்க வேகத்தில் தேற்றுகிறது என்று 1931-ல் எழுதினார். அதில் இருக்கும் பொருள் என்ன என்று அப்போது தெரியாததால் அதை ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தார்கள். பத்தாண்டு கழித்து, 1941-ல், அமெரிக்காவில் நான்கு டன் பாலக் கீரையைப் பிழிந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

அதே வைட்டமினுக்கும் நரம்புக்குழாய்க்கும் உள்ள தொடர்பு ஐயமின்றி உறுதியானது 1991-ல். பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏழு நாடுகளில் 33 மையங்களில் ஒரு சோதனை நடத்தியது. முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்து, மறுபடி கருத்தரிக்க நினைத்த பெண்களே இதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. முடிவில் குறையோடு உருவான கருக்கள் 27. அவற்றில் ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களிடம் 6, சாப்பிடாதவர்களிடம் 21. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்றவர்களுக்கு மறுப்பது நியாயமில்லை என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மூன்று மாதத்துக்குக் கொடுக்கும் சின்ன மாத்திரையில் இருப்பது 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். முன்பு இந்தக் குறை ஏற்பட்டவர்களுக்கு அளவு பத்து மடங்கு. அதை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். கீரையிலும் பருப்பிலும் இந்தச் சத்து உண்டு. ஆனால் வேகவைக்கும்போது கணிசமாக அழிந்துவிடுகிறது. கீரையைச் சாப்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

ஆகவே நல்ல கர்ப்பகாலப் புத்தகத்துக்கு என் முதல் சோதனை இதுதான்: ஃபோலிக் அமிலத்தைப் பற்றி எந்தப் பக்கத்தில் பேசுகிறது? மூன்றாம் மாத அத்தியாயத்தில் பட்டியலோடு பட்டியலாகச் சொல்லும் புத்தகம் கருவின் நாட்காட்டியை அறியாத புத்தகம்.

அடுத்து வாசிக்க வேண்டியது புத்தகமே இல்லை, மாத்திரை அட்டையின் பின்பக்கம். 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைத்தது. மசக்கைக்கும் நல்லது என்று கர்ப்பிணிகள் வாங்கிச் சாப்பிட்டார்கள். 1961-ன் கடைசியில் அதைத் திரும்பப் பெறுவதற்குள் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கையும் காலும் குறுகி, காதும் இதயமும் பழுதாகிப் பிறந்திருந்தன. கருவுக்கு ஏறக்குறைய 20 நாள் முதல் 36 நாள் வரைதான் அந்த மருந்தால் இந்தக் கேடு. அந்த இரண்டு வார இடைவெளியில்தான் கை கால் முளைகள் எழுகின்றன. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். அமெரிக்காவில் அனுமதி கேட்டு வந்த விண்ணப்பத்தைப் பிரான்சஸ் கெல்சி என்ற அதிகாரி, ஆதாரம் போதாது என்று சொல்லித் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினார். கம்பெனி நெருக்கியும் அவர் அசையவில்லை. காகிதத்தைக் கவனமாகப் படித்த ஒரு பெண்ணால் ஒரு நாட்டுக் குழந்தைகள் பெருமளவில் தப்பினார்கள்.

தலைவலி மாத்திரையோ, முகப்பரு மாத்திரையோ, நாட்டு மருந்துப் பொடியோ எதுவானாலும் இந்த வாரங்களில் கேட்காமல் சாப்பிடாதீர்கள். இதன் மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். வலிப்பு, சர்க்கரை, தைராய்டு போன்றவற்றுக்கு ஏற்கனவே சாப்பிடும் மாத்திரையை, எங்கேயோ படித்துப் பயந்து நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. கருவின் தைராய்டு சுரப்பி தானே சுரக்கத் தொடங்குவது 10, 12 வாரம் வாக்கில். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டியது தாயிடமிருந்துதான் போகிறது. பழக்கமான மாத்திரையை முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். மாற்றுவதா, தொடர்வதா என்பதை அவர் சொல்வார்.

இதற்குள் ஆறாவது வாரம் வந்திருக்கும். மசக்கையும் வந்திருக்கும். தாளிக்கும் வாசனைக்கே ஓடிப்போய் வாந்தி எடுக்கும் பெண்ணிடம் தடிப் புத்தகத்தைக் கொடுத்துப் படி என்றால் எப்படிப் படிப்பாள்? எழுத்து நகரும் போன் திரையைப் பார்த்தாலே சிலருக்குக் குமட்டும். இந்த மாதங்களில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும் என்பது என் கருத்து. அதையும் வேறு யாராவது வாசித்துச் சொன்னால் இன்னும் நல்லது. கணவன் வாங்கிவந்த அந்த ஆங்கிலப் புத்தகத்தை முதலில் கணவனே படிக்கட்டும். ஹெய்டி மர்காஃப் 1984-ல் கொண்டுவந்து உலகெங்கும் விற்ற புத்தகம் உட்பட, இந்த வகைப் புத்தகங்கள் பலவும் மாதம் மாதமாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தந்த மாதத்து அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு மூடிவைக்கலாம். இரண்டாம் மாதத்தில் பிரசவ அறையைப் பற்றிப் படித்துப் பயப்பட ஒரு அவசியமும் இல்லை.

மசக்கையைப் பற்றிப் படிக்க ஒரு பக்கம் வேண்டும் என்றால் அண்மையில் தெரியவந்த இந்தச் செய்தியைப் படியுங்கள். காலங்காலமாக இதை மனப்பிரமை, செல்லம், சாப்பாட்டுக் கோளாறு என்று என்னவெல்லாமோ சொன்னார்கள். 2023 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ’ராஹிலியும் அமெரிக்காவின் மார்லினா பெஜ்ஸோவும் சேர்ந்த குழு ‘நேச்சர்’ இதழில் காரணத்தை எழுதியது. கருவும் நஞ்சுக்கொடியும் சேர்ந்து ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்துக்குள் அனுப்புகின்றன. அது மூளைத்தண்டில் குமட்டலைத் தூண்டும் இடத்தைத் தொடுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் உடலில் குறைவாக இருந்த பெண்களுக்கு அதன் திடீர் ஏற்றம் தாங்காமல் வாந்தி கடுமையாகிறது. இதற்குச் சான்றாக அவர்கள் காட்டிய ஒன்று மிக அழகானது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஹார்மோன் வாழ்நாள் முழுக்க உயர்ந்தே இருக்கும். அவர்களுக்கு மசக்கை அநேகமாக வருவதே இல்லை. ஆக மசக்கை என்பது கருவும் தாயும் வேதியியலில் பேசிக்கொள்வது. “நாங்கள்லாம் இப்படியா படுத்தோம்” என்று கேட்கும் பெரியவர்களிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டலாம். பெரும்பாலோருக்கு இது ஒன்பதாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், நான்காம் மாதம் பிறக்கும்போது தணிந்துவிடும். தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் அது மசக்கையைத் தாண்டிய நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி நம் புத்தகங்கள் பெரும்பாலும் தவிர்க்கும் பக்கத்துக்கு வருகிறேன். உறுதியான கர்ப்பங்களில் நூற்றில் பத்து முதல் பதினைந்து வரை தாமாகவே கலைந்துவிடுகின்றன. பெரும்பாலும் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள். அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம், கரு உருவான நொடியிலேயே குரோமோசோம்களின் எண்ணிக்கையில் நேர்ந்த பிழை. அந்தக் கரு வளரவே முடியாது. அதை மாடிப்படி ஏறியதோ, குடம் தூக்கியதோ, யாரிடமோ சண்டை போட்டதோ கலைக்கவில்லை. அபசகுனம் என்று கருதி இதை எழுதாமல் விடும் புத்தகம் நல்ல புத்தகம் இல்லை. அது நேரும் பெண்களில் பலர் ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று வருடக்கணக்கில் தம்மையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். பப்பாளியைச் சொல்லாத வீடு இல்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துச் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த பப்பாளி கர்ப்பத்துக்குக் கேடு செய்யவில்லை. காயிலிருந்து வடியும் பால் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. எனவே காயை ஒதுக்குங்கள். தெரியாமல் ஒரு துண்டு பழம் தின்றவளை மட்டும் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

புத்தகம் வாங்கும்போது பதிப்பு ஆண்டைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் டி.இ.எஸ். என்ற செயற்கை ஹார்மோன். கருச்சிதைவைத் தடுக்கும் என்று 1940-களிலிருந்து கர்ப்பிணிகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1953-லேயே சிகாகோவில் நடந்த சோதனையில் பயன் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. இருந்தும் பழக்கம் போகவில்லை. 1971-ல், அதைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த பெண்களுக்கு இளம் வயதில் அரிய வகைப் புற்றுநோய் வருவது வெளிப்பட்டது. அன்றைய நல்ல புத்தகங்கள், நல்ல மருத்துவர்கள் சொன்ன அறிவுரைதான் அது. அட்டை கிழிந்த பழைய புத்தகம் எவ்வளவு பாசத்தோடு கைமாறி வந்தாலும், மருந்து விஷயத்தில் மட்டும் அதை நம்பாதீர்கள்.

பழைய நூல்களில் வியப்பும் இல்லாமல் இல்லை. மாணிக்கவாசகர் போற்றித் திருஅகவலில் கருவிலிருக்கும் உயிர் மாதம் மாதமாக எந்த ஆபத்தைத் தாண்டிவருகிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். உள்ளே பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலத்தில், கரு வளர்வதை ஒவ்வொரு மாதமும் ஒரு தப்பிப்பாக ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு நெகிழ்ச்சி தருவது. அதை மருத்துவ நூலாகப் படிக்க வேண்டியதில்லை. படிக்கலாம், படித்தால் மனம் விரியும்.

உள்ளே பார்க்கும் கருவி நம் காலத்தில் இருக்கிறது. கிளாஸ்கோ நகரத்து மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு 1958-ல் முதன்முதலாகக் கர்ப்பப்பையை ஒலி அலையால் பார்த்த படங்களை வெளியிட்டார். இன்று ஒவ்வொரு பெண்ணும் மூன்றாம் மாதத்துக்குள் ஒரு ஸ்கேன் அறிக்கையோடு வீடு திரும்புகிறாள். அந்தத் தாளை உறையோடு பீரோவில் வைத்துவிடாமல் படிக்கச் சொல்கிறேன். அதில் சி.ஆர்.எல். என்று ஓர் அளவு இருக்கும். கருவின் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரையான நீளம் அது. எட்டு வாரத்தில் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர், பத்து வாரத்தில் 31, பன்னிரண்டு வாரத்தில் 54. நான்கே வாரத்தில் மூன்று மடங்குக்கு மேல். பக்கத்திலேயே இதயத் துடிப்பும் எழுதியிருக்கும். ஆறாவது வாரத்தில் நிமிடத்துக்கு 110 வாக்கில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தில் 170 வரை ஏறி, பிறகு மெல்ல இறங்கும். நம் துடிப்பைப் போல் இரண்டு மடங்கு வேகம். இந்த இரண்டு எண்களையும் வாசிக்கத் தெரிந்த பெண்ணுக்கு எந்தச் செயலியும் சொல்லாத செய்தி கிடைக்கிறது. அது அவளுடைய குழந்தையைப் பற்றிய செய்தி. ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்கக் குறிப்புத் தரும் பக்கங்களை மட்டும் தொடவே வேண்டாம். அவற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை; பிறக்குமுன் பாலினம் பார்ப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தாள் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் வாங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் உதவித்தொகைக்கும், பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவை. கூடவே வரும் தாய் சேய் அட்டையில் ஆபத்து அறிகுறிகள் படத்தோடு இருக்கும். ரத்தப்போக்கு, ஒரு பக்கமாகக் குத்தும் கடும் வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல் இவை எப்போது வந்தாலும் தேடிப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்ப வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் தேவைக்கான வாசிப்பு. மற்ற நேரத்தில் என்ன வாசிப்பது? மனசுக்குப் பிடித்ததை. துப்பறியும் நாவல் பிடித்தால் அதைப் படியுங்கள். சுந்தர காண்டம் மனத்துக்குத் தைரியம் தந்தால் அதைப் படியுங்கள். இந்த மாதங்களில் கதையின் பலன் உங்களுக்குத்தான். அதனால் தேர்வும் உங்களுடையதுதான்.

ஏழாம் மாதத்தில் நிலைமை மாறுகிறது. அப்போது உள்ளே ஒருவர் கேட்கத் தொடங்கிவிட்டார். என்ன கேட்கிறார் என்பது சுவையான விஷயம். வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் உச்சஸ்தாயி ஒலிகளை மட்டுப்படுத்திவிடும். தாழ்ந்த ஒலிகளை விட்டுவிடும். பக்கத்து வீட்டில் பேசுவது சுவர் வழியே கேட்பதுபோல, சொல் புரியாது, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். வெளியிலிருந்து வரும் குரல்கள் இப்படி மங்கும்போது, தாயின் குரல் மட்டும் எலும்பு, தசை வழியாக உள்ளேயே அதிர்ந்து தெளிவாக வந்துசேரும். வளைகாப்பை ஏழாம் மாதத்தில் வைப்பது குழந்தைக்கு வளையோசை கேட்கத்தான் என்று மேடைகளில் சொல்கிறார்கள். காது கேட்கும் காலத்தோடு அந்த மாதம் ஒத்துப்போவது உண்மை. ஆனால் கண்ணாடி வளையலின் மெல்லிய கிலுங்கல் உயர்ந்த ஒலி. உள்ளே போவதற்குள் பெரிதும் தேய்ந்துவிடும். அந்த விழாவில் குழந்தைக்கு நன்றாகக் கேட்பது, அத்தனை பேர் நடுவில் அம்மா பேசிச் சிரிக்கும் குரல்.

உள்ளே இருக்கும்போது கேட்டது குழந்தையிடம் தங்குகிறது என்பதை மெய்ப்பித்த சோதனை 1986-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது. ஆன்டனி டெகாஸ்பர், மெலனி ஸ்பென்ஸ் இருவரும் கர்ப்பிணிகளைக் கடைசி ஆறு வாரம் தினமும் இருமுறை ஒரே கதையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். ஒரு சிலருக்குக் கொடுத்தது, டாக்டர் சூஸ் எழுதிய, தாளமும் எதுகையும் நிறைந்த, தொப்பி போட்ட பூனையின் கதை. பிறந்த சில நாட்களில் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பு வைத்தார்கள். சப்பும் வேகத்தை ஒருவிதமாக மாற்றினால் கேட்டுப் பழகிய கதை ஒலிக்கும். வேறுவிதமாக மாற்றினால் புதிய கதை. குழந்தைகள் பழகிய கதை வரும்படி சப்பின. வாசித்தது வேறொரு பெண்ணின் குரலாக இருந்தபோதும் அப்படியே. அந்தக் கதையின் நடையை அவை பிறக்குமுன்பே அறிந்திருந்தன. 2009-ல் ஜெர்மனியின் காத்லீன் வெர்ம்கே குழு இன்னொன்றைக் கண்டது: பிரெஞ்சுத் தாய்மாரின் பச்சைக் குழந்தைகள் அழும்போது சுருதி ஏறி முடிகிறது, ஜெர்மன் குழந்தைகளின் அழுகை இறங்கி முடிகிறது. அந்தந்த மொழிப் பேச்சின் போக்கும் அதுதான்.

இதனால் குழந்தை அறிவாளியாகப் பிறக்கும் என்று வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கும் வகுப்புகளை நம்பாதீர்கள். வயிற்றில் ஹெட்போன் கட்டி மொசார்ட் கேட்க வைக்கும் பழக்கத்துக்கு மூலமான 1993-ஆம் ஆண்டு ஆய்வு, 36 கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. ஒரு தேர்வில் அவர்கள் காட்டிய சிறு முன்னேற்றம் கால் மணி நேரம்கூடத் தங்கவில்லை. கருவிலிருக்கும் குழந்தைக்கும் அந்த ஆய்வுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு சத்தமாக வாசிப்பதில் கிடைப்பது பழக்கம், நெருக்கம். அதற்குப் பாசுரமும் பொருந்தும், தாலாட்டும் பொருந்தும், குழந்தைப் பாட்டும் பொருந்தும். தாளம் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப வாசியுங்கள். பிறந்த பிறகும் அதையே வாசியுங்கள்.

கர்ப்பகாலப் புத்தகத்தைக் கர்ப்பம் உறுதியான பிறகு பரிசளிப்பது நம் வழக்கம். அதன் மிக முக்கியமான பக்கத்துக்கு அது பெரும்பாலும் தாமதம். ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில், தெருவில், அலுவலகத்தில் குழந்தைக்குத் திட்டமிடும் பெண் யாராவது இருந்தால் புத்தகத்தை இப்போதே அவளிடம் கொடுங்கள். முதல் அத்தியாயத்தை இந்த வாரமே படித்துவிட்டு, மாத்திரைக்காக ஒருமுறை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.